நாய் இல்லாத வீட்டில் தெள்ளு எப்படி வந்தது?

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் எங்கள் மிருக வைத்திய நிலையத்துக்கு ஒரே மாதிரியான முறைப்பாடு வரும். வெளிநாட்டிலிருந்து வந்து, மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்திருப்பார்கள். அன்றே கணுக்காலெல்லாம் சிவந்து தடித்திருக்கும். "நாயே வளர்க்கவில்லையே டொக்டர்?" என்பார்கள். இவ்வளவு நாளும் விறாந்தையில் படுத்தெழும்பிய ஊர் நாய், பூனைகள் கணக்கில் வருவதில்லை.

ஒரு பெண் தெள்ளு நாளுக்கு 20 முதல் 50 முட்டை வரை இடும். அவை உடம்பில் ஒட்டாமல் உதிர்ந்து தும்புக் கால்மிதி, செற்றி இடுக்கு, நாய் படுக்கும் சாக்கு, நிழலான முற்றத்து மணல் என்று எங்கும் விழும். பொரிக்கும் புழு இருட்டுக்குள் ஒதுங்கிக் கூடு கட்டும். கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். காலடி அதிர்வும் உடற்சூடும் பட்டதும் வெளியே குதிக்கும். அடிக்கும் மருந்து கூட்டுக்குள் போவது குறைவு. அதனால் மருந்தடித்து இரண்டு கிழமையில் திரும்பவும் தெள்ளைக் கண்டால், கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

உண்ணி கடித்த இடத்திலேயே கிடக்கும், தெள்ளு ஓடும், குதிக்கும். சந்தேகமென்றால் நாயைச் சீப்பால் வாரி, விழும் கரும்பொடியை ஈர வெள்ளைத் துணியில் வையுங்கள். செங்கபிலமாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம். நாயில்லாத வீடென்றால் வெள்ளைக் காலுறை போட்டு நடந்து பாருங்கள், ஏறுவது தெரியும்.

வீட்டு நாய், பூனை எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் மருந்து போடவேண்டும். படுக்கைத் துணிகளைச் சுடுநீரில் தோய்த்து வெயிலில் காயவிடுங்கள். மூலை முடுக்கெல்லாம் தினமும் கூட்டி, குப்பையைக் கட்டி அகற்றுங்கள். சில கிழமைகளுக்கு இதை நிறுத்தக்கூடாது. தரைக்கு அடிப்பதில் மெத்தோபிரீன் போன்ற, புழுவை வளரவிடாத மருந்தும் சேர்ந்திருந்தால் நல்லது.

வெங்காயத் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தை நாயில் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தெள்ளுக்கு முதல் நாய்தான் சாகும். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போடுவதும் அப்படித்தான், வலிப்பு வந்துவிடும்.

எலி நடமாடும் வீடென்றால் இன்னும் கவனம். எலித் தெள்ளு பரப்பும் டைபஸ் காய்ச்சல் யாழ்ப்பாணத்திலும் பதிவாகியிருக்கிறது. காய்ச்சல், தலையிடி, உடம்பில் தடிப்பு என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், வீட்டில் தெள்ளு இருப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். நேரத்தோடு தெரிந்தால் டொக்சிசைக்கிளினுக்கு அது நன்றாகக் கேட்கும்.