பெல்ட் உள்ள சி.வி.டி., பெல்ட் இல்லாத சி.வி.டி.

ஜப்பான் கார் பழுதாகாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் பாதிதான் உண்மை. நிஸானின் பல மாடல்களும், பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் உள்ள டொயோட்டா ஹைபிரிடுகளும் சி.வி.டி. என்றே, அதாவது படிப்படியான கியர்கள் இல்லாமல் விகிதம் தொடர்ச்சியாக மாறும் கியர்பெட்டி என்றே, விற்கப்படுகின்றன. பெட்டியைப் பிரித்தால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

நிஸானுக்கு ஜாட்கோ என்ற கியர்பெட்டி நிறுவனம் செய்து தரும் பெட்டியில், கூம்புத் தட்டுகள் கொண்ட இரண்டு புல்லிகளும் நூற்றுக்கணக்கான எஃகுத் துண்டுகளைக் கோத்த பெல்ட்டும் இருக்கும். ஆயில் அழுத்தம் தட்டுகளை நெருக்கிப் பிடிக்கும்வரைதான் பெல்ட் நழுவாது. அதிகப் பாரம், நீண்ட மலையேற்றம், கோடை நெரிசல் எல்லாமே ஆயிலைச் சூடாக்கிக் கெடுக்கும். பெல்ட் ஒருமுறை நழுவினாலே புல்லியின் முகத்தில் கீறல் விழலாம்; அதிலிருந்து உதிரும் பொடி, ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு பாடியில் சிக்கி அழுத்தத்தை மேலும் குறைக்கும். பிறகு சேதம் தானாகவே வளரும். மெதுவாக வேகமெடுக்கும்போது வரும் நடுக்கம்தான் பெரும்பாலும் முதல் அறிகுறி. அமெரிக்காவில் 2003–2010 மாடல்களின் சி.வி.டி. வாரன்ட்டியை 10 ஆண்டு அல்லது 1,20,000 மைல் என்று நிஸான் நீட்டிக்க வேண்டியிருந்தது.

1997இல் வந்த டொயோட்டா ஹைபிரிடான பிரியஸில் பெல்ட்டே கிடையாது. நடுச்சக்கரத்தைச் சிறு பல்சக்கரங்கள் சுற்றிவரும் ஒரு கோள்பல்சக்கரத் தொகுதி மட்டும்: நடுச்சக்கரத்தில் சிறிய மோட்டார், அந்தச் சிறு சக்கரங்களின் தாங்கியில் இன்ஜின், வெளிவளையத்தில் பெரிய மோட்டாரும் வண்டிச் சக்கரங்களும். பற்கள் எப்போதும் கவ்வியே இருக்கும். சிறிய மோட்டாரின் வேகத்தைக் கணினி கூட்டிக் குறைப்பதால்தான் விகிதம் மாறுகிறது. இரண்டாம் தலைமுறையில் நடுச்சக்கரத்துக்கு 30 பல், வளையத்துக்கு 78. நிற்கும் வண்டியில் இன்ஜின் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றினால் சிறிய மோட்டார் 3,600 சுற்றும். கிளட்ச், டார்க் கன்வர்ட்டர், தனி ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் எதுவும் இல்லை. தேய்ந்து நழுவ இங்கே ஒன்றுமில்லை.

அதனால் பிரியஸின் தொல்லைகள் பெட்டிக்கு வெளியேதான். 2009இல் வந்த மூன்றாம் தலைமுறையின் 1.8 லிட்டர் இன்ஜினில், புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் இன்ஜினுக்கே அனுப்பும் ஈ.ஜி.ஆர். கூலர் கரியால் அடைபடும். சிலிண்டர்கள் சூடேறி, இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையில் உள்ள ஹெட் கேஸ்கெட் கசியும். காலையில் இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் உதறுகிறதா, கூலன்ட் மட்டம் காரணமின்றி இறங்குகிறதா என்று பாருங்கள். பழைய வண்டி வாங்கினால் கூலரோடு, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டின் சிறு துளைகளையும் சேர்த்துக் கழுவச் சொல்லுங்கள். கூலரை மட்டும் கழுவுவது அரைவேலை.

அடுத்தது மோட்டார்களுக்கு மின்சாரம் தரும் ஹைபிரிட் பேட்டரி. பின்சீட்டின் பக்கவாட்டில் காற்று இழுக்கும் துவாரத்தைத் தூசியோ நாய்முடியோ அடைத்தால், பேட்டரியின் 28 மாட்யூல்களில் (தனித்தனிக் கட்டிகளில்) நடுவில் உள்ளவை முதலில் வெந்துபோகும். மூடியைக் கழற்றித் தூசி தட்டப் பத்து நிமிடம் போதும். விசிறி இறகுகளிலும் தூசி படிந்திருந்தால் அதையும் கழற்றித்தான் துடைக்க வேண்டும்.