காய்ச்சலுக்குப் பின் ஹாஃப் மாரத்தான்: மூச்சு முந்தும், கால் பிந்தும்

"ரேஸுக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கு. படுத்திருந்ததில் மூணு வாரம் போயிடுச்சு. அதை எப்படிப் பிடிக்கிறது?"

விளையாட்டுக் காயங்களுக்கு இயன்முறை சிகிச்சை அளிக்கும் என்னிடம், காய்ச்சலில் படுத்து எழுந்து ஹாஃப் மாரத்தானுக்கு (சுமார் 21 கிலோமீட்டர் ஓட்டம்) தயாராகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. விட்ட வாரங்களைப் பிடிக்க முடியாது, பிடிக்கவும் வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வேன். கேட்பவரின் முகம் வாடும். ஆனாலும் அங்கிருந்து தொடங்கினால்தான் மிச்சமிருக்கும் நாட்கள் உருப்படும்.

படுத்த சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறையத் தொடங்கிவிடும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் ரத்தமும் குறைவதால், பழைய வேகத்தில் ஓடினாலே துடிப்பு எகிறும். பயிற்சிக்குத் திரும்பினால் இந்த இழப்பு ஓரிரு வாரங்களில் பெரும்பாலும் சரியாகிவிடும். சிக்கல் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. மூச்சு வாங்குவது குறைந்ததும் 'பழையபடி ஆயிட்டேன்' என்று தோன்றும். ஆனால் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும், எலும்பும் அவ்வளவு சீக்கிரம் சுமைக்குப் பழகுவதில்லை. மூன்றாவது, நான்காவது வாரத்தில் கணுக்கால் எலும்பைப் பிடித்துக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் இப்படி மூச்சை நம்பி ஓடியவர்கள்தான்.

இங்கே ஒன்றைக் கட்டாயம் கேட்பேன்: என்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்கள்? சிப்ரோஃப்ளாக்ஸசின், லெவோஃப்ளாக்ஸசின் வகை மருந்துகள் தசைநாணைப் பாதிக்கக்கூடும். குறிப்பாகக் குதிகாலுக்கு மேலுள்ள அக்கிலிஸ் நாணை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இலேயே இதற்குக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. ஸ்டீராய்டும் சேர்ந்தால், வயது 60ஐத் தாண்டினால் ஆபத்து இன்னும் கூடும். மருந்தை நிறுத்திச் சில மாதங்கள் கழித்துக்கூட இது வரலாம். அதனால் மருந்துச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். காலையில் எழுந்ததும் குதிகாலுக்கு மேல் இறுக்கமோ வலியோ இருந்தால் அன்று ஓட்டம் வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரி, ஆறு வாரத்தை எப்படிச் செலவிடுவது? நோய்க்கு முன் 15, 16 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த ஒருவருக்கு நான் சொல்லும் கணக்கு இது. முதல் வாரம் நடை மட்டும். அதுவும் மாத்திரை இல்லாமலே காய்ச்சல் விட்டு, சாப்பாடும் தூக்கமும் பழையபடி ஆன பிறகு. இரண்டாவது வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. அப்புறம் வாரம் ஒரு லாங் ரன்: 8, 11, 14 கிலோமீட்டர். கடைசி லாங் ரன் ரேஸுக்குப் பத்து நாள் முன்பே முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஓடும் தூரத்தின் பலன் ரேஸ் நாளுக்குள் உடலில் சேராது, களைப்பு மட்டும்தான் சேரும். வேகப் பயிற்சி இந்த முறை கிடையாது. ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். காலையில் எழுந்தவுடன் நாடித்துடிப்பை எண்ணுங்கள். வழக்கத்தைவிட எட்டு, பத்து துடிப்பு கூடுதலாக இருந்தால் அன்று நடையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பழைய நேர இலக்கையும் விட்டுவிட வேண்டும். ரேஸ் அன்று, நான்கு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பதை முதல் கிலோமீட்டரிலிருந்தே செய்யுங்கள். களைத்த பிறகு தொடங்கினால் பெரிய பயன் இல்லை. ரேஸுக்கு முன் இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். நீர்ச்சத்து குறைந்திருக்கும் நேரத்தில் அது சிறுநீரகத்துக்குக் கேடு.

நெஞ்சுவலி, படபடப்பு, தலைச்சுற்றல், ஓட்டத்துக்குப் பொருந்தாத மூச்சிரைப்பு. இவற்றில் ஒன்று வந்தாலும் ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு இதய மருத்துவரைப் பாருங்கள். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் சிலருக்கு இதயத் தசையில் அழற்சி வருவதுண்டு. அது உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் வரை கடும் பயிற்சி கூடாது. பணம் கட்டியாகிவிட்டது, நண்பர்கள் எல்லாம் ஓடுகிறார்கள் என்ற தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த ரேஸை அடுத்த ஆண்டு ஓடிக்கொள்ளுங்கள்.