உயில் எழுதும் முன் பட்டாவை எடுத்துப் பாருங்கள்

கோத்தகிரிப் பக்கம் ஓர் அட்டியில் (படுகர் ஊர்) எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் உயில் எழுத உட்கார்ந்தார். ஒன்றே கால் ஏக்கர் தேயிலை, ஓட்டு வீடு, வங்கியில் கொஞ்சம் டெபாசிட். இரண்டு மகன், ஒரு மகள். “மேல் காடு பெரியவனுக்கு, ஓடைக்குக் கீழே சின்னவனுக்கு, வீடு பாப்பாவுக்கு” என்று மனக்கணக்கு தெளிவாக இருந்தது. தகரப் பெட்டியைத் திறந்து பட்டாவை எடுத்தால், அது அவருடைய அப்பா பேரில் இருக்கிறது. அப்பா போய் முப்பது வருஷம் ஆகிவிட்டது. கூடப் பிறந்த அக்காமார் இரண்டு பேர். ஒருவர் மேட்டுப்பாளையத்தில் இருக்கிறார், இன்னொருவர் காலமாகிவிட்டார், அவருக்குப் பிள்ளைகள் உண்டு. அந்தப் பங்கைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறந்ததே இல்லை. போதாக்குறைக்கு, அவர் சொன்ன ஓடை எந்தப் பத்திரத்திலும் எல்லையாக இல்லை. உட்பிரிவு எண் ஒன்று ஓடையைத் தாண்டி அந்தப் பக்கமும் போகிறது.

நீலகிரியில் பாதி வீட்டுப் பெட்டிக்குள் இதே கதைதான் இருக்கும் என்பது என் கணிப்பு. உயில் எழுதுவது அரை நாள் வேலை. அதற்கு முன் பெட்டியை ஒழுங்குபடுத்துவதுதான் மாசக் கணக்கில் இழுக்கும்.

காரணம் எளிது. நம்முடையதை மட்டும்தான் உயிலில் கொடுக்க முடியும். பிரிக்காத குடும்பச் சொத்தில் நமக்கு உள்ள பங்கைக்கூட எழுதலாம், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் அக்கா பங்கையும் சேர்த்து எழுதினால் அந்த அளவுக்கு அது வெறும் காகிதம். பட்டா என்பது வருவாய்த் துறைக் கணக்கு. நிலம் யாருடையது என்பதை மூலப்பத்திரம், பாகப்பத்திரம், செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுக்கும் பத்திரம்) போன்றவைதான் சொல்லும். இரண்டும் ஒத்துப்போனால்தான் பிள்ளைகள் நாளைக்குத் தாசில்தார் ஆபீஸ் படி ஏறும்போது பட்டா மாறுதல் சிக்கலில்லாமல் நடக்கும். ஆகவே முதலில் அப்பாவின் இறப்புச் சான்றிதழ், இ-சேவை மையம் வழியாக வாரிசுச் சான்றிதழ். பிறகு கூடப் பிறந்தவர்களோடு பாகப்பத்திரம், அல்லது அவர்கள் மனமொப்பித் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தரும் விடுதலைப் பத்திரம். இறந்த அக்காவின் பிள்ளைகளும் கையெழுத்துப் போட வேண்டும், அதை மறக்கக் கூடாது. குடும்பத்துக்குள் நடக்கும் இந்தப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய் என்று 2023 ஜூலையில் மாற்றினார்கள்.

உயிலே எழுதாவிட்டால் என்ன ஆகும்? இந்து ஆண் ஒருவர் இறந்தால் அவருடைய அம்மா, மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சமபங்கு. முதல் வரிசையில் அப்பா கிடையாது, அம்மா உண்டு. “பெண்ணைக் கட்டிக் கொடுத்தாச்சு, அவளுக்கு எதுக்கு” என்பது பேச்சு, சட்டம் அல்ல. கிறிஸ்தவக் குடும்பத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு, மகன் மகள் வேறுபாடு இல்லை. இஸ்லாமியர் உயில் எழுதினாலும் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது. வாரிசு ஒருவருக்கே எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

பிள்ளை இல்லாத பெண்களின் நிலைதான் எனக்கு எப்போதும் உறுத்தும். கணவரை இழந்த ஓர் அம்மா இருபது வருஷம் இலை பறித்து, சீட்டுப் போட்டு, அரை ஏக்கர் வாங்குகிறார் என்று வையுங்கள். உயில் இல்லாமல் அவர் இறந்தால் அந்த அரை ஏக்கர் கணவருடைய வாரிசுகளுக்குப் போகும். கடைசிவரை கஞ்சி ஊற்றிய தங்கைக்கு அல்ல. பெற்றவர்களிடமிருந்து வந்த சொத்து மட்டும் அப்பா வீட்டுப் பக்கம் திரும்பும். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே இந்துப் பெண்கள் உயில் எழுதி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டது.

இனி எழுதும் முறை. 18 வயது ஆகியிருக்க வேண்டும், புத்தி தெளிவு இருக்க வேண்டும். முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டரி வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். கையால் எழுதினாலும் சரி, டைப் அடித்தாலும் சரி. யாருக்கு எது என்பதை சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கு எல்லையோடு எழுதுங்கள். “மேல் காடு” நமக்குப் புரியும், சார் பதிவாளருக்குப் புரியாது. குறிப்பிடாமல் விட்டவை யாருக்கு என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள். மாடு, கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையில் உள்ள பங்குத்தொகை, வரவேண்டிய இலைப் பணம் எல்லாம் அந்த வரிக்குள் அடங்கிவிடும். ஒரு பிள்ளைக்குக் குறைவாகக் கொடுக்கிறீர்கள் என்றால் காரணத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுவது நல்லது. கோர்ட்டில் சந்தேகம் எழுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சாட்சிகள். இந்து, கிறிஸ்தவர் உயில்களுக்கு 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி குறைந்தது இரண்டு பேர். நீங்கள் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது “இது என் கையெழுத்துதான்” என்று நீங்கள் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு உங்கள் முன்னால் அவர்களும் கையெழுத்திட வேண்டும். பின்னாளில் வழக்கு வந்தால், சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்து வரக்கூடிய நிலையில் இருக்கும்வரை, அவரைக் கூண்டில் ஏற்றித்தான் உயிலை நிரூபிக்க முடியும். பதிவு செய்த உயிலுக்கும் இதுவே விதி. அதனால் கூட டீ குடிக்கும் எழுபத்தைந்து வயதுத் தோழரைவிட, நாற்பது வயதுள்ள உள்ளூர் ஆசிரியரோ டாக்டரோ நல்ல சாட்சி. சொத்துப் பெறுபவரையும் அவர் மனைவியையும் சாட்சி போடாதீர்கள். கிறிஸ்தவர்களுக்கு அப்படிச் செய்தால் அந்த நபருக்கு எழுதியது செல்லாது என்றே சட்டம் சொல்கிறது. மற்றவர்களுக்கு அது வீண் சந்தேகம். சொத்துப் பெறும் மகனே வண்டி பிடித்து, டைப் அடிக்க வைத்து, சாட்சியையும் கூட்டி வந்தால் நீதிபதியின் புருவம் உயரும். கிறிஸ்தவர்களுக்கு இன்னொன்று: உயில் எழுதிய பிறகு கல்யாணம் செய்துகொண்டால் பழைய உயில் ரத்தாகிவிடும்.

பதிவு கட்டாயம் இல்லை, ஆனாலும் செய்துவிடுங்கள் என்பேன். எந்தச் சார் பதிவாளர் அலுவலகத்திலும் செய்யலாம், எழுதியதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். பதிவு செய்யாமலே இறந்துவிட்டால் உயிலால் சொத்துப் பெறுபவர்கூடப் பதிவுக்குக் கொண்டுபோகலாம். படுக்கையில் கிடப்பவர் என்றால் பதிவாளரை வீட்டுக்கே வரச் சொல்லி விண்ணப்பிக்க வழி உண்டு. மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்து கிடக்கும்போது குன்னூர் வரை பெரியவரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. நீங்கள் இருக்கும்வரை உயிலின் நகல் உங்களைத் தவிர வேறு யாருக்கும் கிடைக்காது, வில்லங்கச் சான்றிதழிலும் அது வராது. மருமகள் பார்த்துவிடுவாளோ என்று பயந்தே பதிவு செய்யாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனசு மாறினால் புது உயில் எழுதலாம், கடைசியாக எழுதியதே நிற்கும். மலை நிலத்துக்கு இங்கேயே எழுதிய உயிலுக்கு புரோபேட் (உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்று) கட்டாயம் இல்லை.

சிலர் உயிலுக்குப் பதில் செட்டில்மெண்ட் எழுதிவிடுகிறார்கள். வித்தியாசம் பெரியது. உயில் நம் காலத்துக்குப் பின்தான் பேசும், செட்டில்மெண்ட் பதிவான அன்றே நிலம் கைமாறிவிடும். பிள்ளை கவனிக்காமல் விட்டால் 2007 பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தால் வழக்கு பலமாக நிற்கும்.

நாமினி போட்டாச்சே, உயில் எதற்கு என்றும் கேட்பார்கள். வங்கிப் பணத்தில் நாமினி என்பவர் வாங்கி வைத்திருப்பவர், சொந்தக்காரர் வாரிசுதான். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம், அப்போதும் இதே நிலைதான். எஸ்டேட்டில் வேலை செய்பவர்கள் பி.எஃப்., கிராஜுவிட்டி நாமினேஷனைக் கல்யாணத்துக்குப் பிறகு புதிதாக எழுதிக் கொடுத்தார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடு எஸ்டேட்டுடையது. மூன்று தலைமுறை அங்கே குடியிருந்திருந்தாலும் அதை உயிலில் சேர்க்க முடியாது.

கூடலூர், பந்தலூர் பக்கம், ஜென்மி என்ற பழைய நிலவுடைமை முறையை ஒழித்த 1969 ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில், யாருக்கு உரிமை என்று முடிவாகாமல் மாட்டியிருக்கும் நிலங்களில் பட்டாவே கிடையாது. அங்கே அனுபவத்தில் இருப்பவர் “எனக்கு உள்ள உரிமை எதுவோ அது” என்றுதான் எழுத முடியும். முழு உரிமை என்று எழுதி வைத்தால் பிள்ளைகளை ஏமாற்றியதாகத்தான் முடியும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடியினருக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. வன உரிமைச் சட்டத்தில் கிடைத்த நிலம் வாரிசுக்கு இறங்கும், ஆனால் விற்கவோ வேறொருவருக்கு மாற்றவோ முடியாது. கல்யாணமானவர்களுக்கு அது கணவன் மனைவி இருவர் பேரிலும் இருக்கும்.

கோத்தகிரிப் பெரியவர் கடைசியில் மேட்டுப்பாளையத்துக்கு பஸ் ஏறினார். அக்கா பங்கு கேட்கவில்லை. “மாரியம்மன் பண்டிகைக்கு வந்தா தங்க எனக்கு ஒரு ரூம் இருக்கணும், அதை எழுதிடு தம்பி” என்றாராம். விடுதலைப் பத்திரம் பதிவாகிவிட்டது. உயிலில் வீடு மகளுக்கு, முன்னறையில் அத்தைக்கு ஆயுள்வரை தங்கும் உரிமை என்று ஒரு வரி ஏறியிருக்கிறது. ஓடைக்குக் கீழே எத்தனை சென்ட் என்று அளக்க சர்வேயருக்கு மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்.