அலை முறியும் இடத்தில் படகு ஏன் புரளுகிறது?

மோட்டார் இல்லாத காலத்தில், துறைமுகமே இல்லாத மணற்கரையில் ஒரு பெரிய படையை எப்படி இறக்கினார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது மெக்சிகோவின் வேராகுரூஸ். 1847 மார்ச் 9 அன்று, நகருக்குத் தெற்கே கொயாடோ கரையில், அமெரிக்கப் படை 8,500 பேருக்கும் மேல் நள்ளிரவுக்கு முன்பே இறங்கிவிட்டது, ஓர் உயிர்கூடப் போகவில்லை. மெக்சிகோ படை கரையில் எதிர்க்காதது ஒரு காரணம். ஆனால் எதிரி சும்மா இருந்தாலும் கடல் சும்மா இருக்காதே!

அலை ஆழம் குறைந்த இடத்துக்கு வந்ததும் அதன் வேகம் குறையும், முன்பகுதி தயங்கப் பின்பகுதி நெருக்கும், அதனால் உயரம் கூடும். தண்ணீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல ஏறக்குறைய 1.3 மடங்காகக் குறையும்போது அது முறிந்து விழும். இதுவரை பள்ளிப் பாடம்தான். இப்போது அந்த இடத்தில் ஒரு படகை வைத்துப் பாருங்கள். மூக்கு பள்ளத்தில், மெதுவான தண்ணீரில் குத்திக்கொண்டு நிற்கிறது, பின்புறத்தை வேகமான தண்ணீர் தூக்கித் தள்ளுகிறது. பின்புறம் பலகை அடித்தாற்போல் தட்டையாக இருந்தால் அந்தத் தள்ளு முழுவதையும் வாங்கிக்கொள்ளும், படகு குறுக்கே திரும்பும், அடுத்த அலை அதைப் புரட்டிப் போட்டுவிடும். அதனால்தான் அமெரிக்கத் தரைப்படைத் தளபதி ஜெனரல் ஸ்காட் இதற்கென்றே கட்டச் சொன்ன படகுகளுக்கு இரு முனையும் கூர்மை: பின்னால் வரும் தண்ணீர் இரண்டாகப் பிளந்து போய்விடும். அடிப்பாகம் தட்டை, ஆகவே மணலில் தட்டினாலும் சாயாது. மூன்று அளவுகளில் செய்ததால் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, கப்பலில் இடத்தை மிச்சம் பிடித்தார்கள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் அதுதான்.

வடிவம் கொடுத்தவர் ஒரு கடற்படை அதிகாரி, படகைக் கட்டவைத்தது தரைப்படை. துடுப்பும் சுக்கானும் மாலுமிகள் கையில், சிப்பாய் உட்கார்ந்து வந்தால் போதும். 140-க்கும் மேல் கேட்டும் ஏறக்குறைய 65 படகுகள்தான் நேரத்துக்கு வந்து சேர்ந்தன. அமெரிக்கக் கடற்படை அணியின் தலைவர் கொமடோர் கானர் சிப்பாய்களைச் சரக்குக் கப்பல்களிலிருந்து போர்க்கப்பல்களுக்கு மாற்றி ஏற்றினார், ஏனென்றால் இறங்குமிடத்துக்கு எதிரே நூறு கப்பல்கள் நங்கூரமிட இடமில்லை. பீரங்கிக்குக் கொட்டும் பணத்தில் கொஞ்சமாவது இப்படிப் படகு, அலை ஆய்வுக்கும் ஒதுக்க வேண்டும் என்பதே என் கருத்து, அது மீனவருக்கும் உதவும்.

8-ஆம் தேதியே இறங்குவதாக இருந்தது. வடக்கிலிருந்து புயல்போல் வீசும் காற்று வரும்போல் தெரிந்ததால் ஒரு நாள் தள்ளிப்போட்டார்கள். 9-ஆம் தேதி கடல் அமைதியாக இருந்தது. அப்புறம் சில நாட்களிலேயே அந்தக் காற்று கிளம்பி, சாமான் இறக்கும் வேலையே நின்றுபோனது.