குவாரண்டைன்: நாற்பதில் பிறந்த சொல்

2020இல் எங்கள் பெரியம்மா வீட்டுக் கதவில் 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். சென்னையிலிருந்து மகன் குடும்பம் வந்திருந்தது. உள்ளே எட்டுப் பேர், இரண்டு அறை. "எட்டுப் பேரு இடிச்சுக்கிட்டுக் கெடக்கோம், தனிமையாம்ல தனிமை" என்று பெரியம்மா ஜன்னல் வழியாகச் சிரித்தார். அவர் சிரித்தது நியாயம்தான். குவாரண்டைன் என்ற சொல்லுக்கும் தனிமைக்கும் பிறப்பில் ஒரு தொடர்பும் கிடையாது.

வெனிஸ் நகரத்துப் பேச்சில் 'குவாரந்தா' என்றால் நாற்பது. 'குவாரந்தேனா' என்றால் நாற்பது நாள் கெடு. அங்கிருந்துதான் ஆங்கிலத்துக்கும், அதன் வழியாக நமக்கும் குவாரண்டைன் வந்தது. ஆனால் இந்த வழக்கத்துக்கு முதலில் சட்டம் போட்டது வெனிஸ் இல்லை. அதே ஏட்ரியாட்டிக் கடலின் எதிர்க்கரையில், இன்று குரோவேஷியாவில் துப்ரோவ்னிக் எனப்படும் ரகூசா. 1347-48இல் கொள்ளைநோய் ஐரோப்பாவைச் சூறையாடியபின் அது விட்டு விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். 1377இல் அந்த ஊரின் பெருமன்றம் ஒரு தீர்மானம் போட்டது: நோய் கண்ட ஊர்களிலிருந்து வருகிறவர்கள் அருகிலுள்ள தீவிலோ பக்கத்து ஊரிலோ ஒரு மாதம் தங்கிய பிறகே நகருக்குள் வரலாம். வந்தவருக்கு நோய் இருக்கிறதா என்று யாரும் சோதிக்கவில்லை, சோதிக்க வழியும் இல்லை. காத்திருந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். வணிகத்தில் வாழ்ந்த துறைமுகம் அது. வாசலை மொத்தமாக அடைத்தால் பிழைப்பு போய்விடும், திறந்து விட்டால் உயிர் போய்விடும். நடுவில் கண்ட வழிதான் இந்தக் கெடு.

முதலில் முப்பது, பிறகு நாற்பது. ஏன் நாற்பது? மருத்துவக் கணக்கை விட மத வழக்கம்தான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. கிறிஸ்தவர்களின் தவக்காலம் நாற்பது நாள். நம் ராமநாதபுரம் கரைக்காரர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. தங்கச்சிமடத்தில் தவக்காலம் தெரியும், கீழக்கரையில் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது தெரியும், ராமேஸ்வரத்தில் ஒரு மண்டலம் என்றால் என்னவென்று தெரியும். ஒரு மாற்றம் முழுமையாக நடக்க இத்தனை நாள் ஆகும் என்று எல்லோருமே ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். கொரோனாவுக்கு அது பதினான்காகச் சுருங்கியது, அப்புறம் ஏழு என்றார்கள். பெயரில் மட்டும் நாற்பது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நகர்மன்றத் தீர்மானம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2020இல் ராமநாதபுரம், ராமேஸ்வரம், கீழக்கரை, பரமக்குடி நான்கு நகராட்சிகளிலும் கவுன்சிலர் என்று ஒருவர்கூட இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. பெருந்தொற்றின் மோசமான நாட்கள் முழுக்க தனி அலுவலர்களின் நிர்வாகம். கிராம ஊராட்சிகளில் மட்டும் 2019 டிசம்பர் தேர்தலில் வென்ற தலைவர்கள் இருந்தார்கள், நாற்காலி சூடேறும் முன்பே பிளீச்சிங் பவுடரும் கையுமாக அலைய வேண்டியதாயிற்று. ரகூசாவில் மன்றம் கூடிப் பேசி முடிவெடுத்ததை, நம் நகரங்களில் 1897ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தையும் 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகள் செய்தார்கள். பெரியம்மா வீட்டு ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்க வார்டில் ஆள் இல்லை.

இந்தக் கரைக்குக் குவாரண்டைன் புதிதா என்றால், இல்லவே இல்லை. மண்டபத்தை அடுத்து 'மண்டபம் கேம்ப்' என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அந்த கேம்ப் எது? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போன தமிழர்களை நிறுத்தி வைத்த முகாம். 1914இல் பாம்பன் பாலம் திறந்து, ரயிலில் தனுஷ்கோடி போய் அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் போகும் வழி வந்தது. காலராவும் பெரியம்மையும் கூடவே கடல் தாண்டிவிடக் கூடாது என்று, தோட்டத்துக்குப் போகிறவர்களை மண்டபத்தில் சில நாள் வைத்துப் பார்த்து, அம்மை குத்தி, பிறகுதான் அனுப்பினார்கள். முகாம் நம் மண்ணில், நடத்தியதோ இலங்கை அரசு. வரிசை வரிசையாகக் கொட்டகை, கூட்டம் கூட்டமாக ஆட்கள். அங்கேயும் தனிமை இல்லை. பிற்காலத்தில் அதே மண்டபம் கேம்ப், எதிர்த் திசையில் கடல் தாண்டி வந்த ஈழத் தமிழர்களுக்கு அகதி முகாமாயிற்று.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தனிமைப்படுத்தல்' பரவிவிட்டது, அரசும் பத்திரிகைகளும் அதையே எழுதுகின்றன. அது தவறு என்று சொல்ல மாட்டேன், பாதிதான் சரி என்பேன். நோய் உறுதியானவரைத் தனி அறையில் பிரித்து வைப்பதற்கு அது கச்சிதமான சொல். குவாரண்டைன் வேறு: நோய் வந்திருக்கலாம் என்று ஐயப்படுகிறவரை, குறித்த நாள் வரை, ஓர் எல்லைக்குள் வைத்துப் பார்ப்பது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்ததால், ஸ்டிக்கர் ஒட்டிய வீடெல்லாம் நோய் வந்த வீடு என்று தெருவே ஒதுங்கிப் போனது.

எல்லை, கெடு, காவல் மூன்றும் சேர்ந்த சொல் நம்மிடம் இருக்கிறது: காப்பு. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாயிற்று என்றால் ஊர்க்காரர் வெளியூரில் ராத்தங்கக் கூடாது, காப்பு அவிழ்க்கும் நாள் முன்கூட்டியே தெரியும். அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவதும் ஒரு அறிவிப்புதான், தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் முடிந்துவிடும். அதில் யாருக்கும் அவமானம் இருந்ததில்லை. அதனால் என் ஓட்டு 'தொற்றுக்காப்பு'க்கு. 'பதினான்கு நாள் தொற்றுக்காப்பில் இருக்கிறார்கள்' என்றால் எட்டுப் பேருக்கும் பொருந்தும்.

இன்னொரு வசதியும் உண்டு. குவாரண்டைன் மனிதருக்கு மட்டுமல்ல, ஆடு மாட்டுக்கும் விளைபொருளுக்கும் கூட. நம் முண்டு மிளகாயை ஏற்றுமதிக்கு அனுப்பும்போது துறைமுகத்தில் நிறுத்திச் சோதித்தால், 'மூட்டைகள் தொற்றுக்காப்பில் இருக்கின்றன' என்று எழுதிவிடலாம். மிளகாய் மூட்டையைத் தனிமைப்படுத்தினார்கள் என்று எழுதினால் பெரியம்மா மறுபடியும் சிரிப்பார்.