ஸ்டியடோசிஸ்: கொழுப்பேற்றம்

எடைக்குறைப்பு அறுவைக்கு முன் எடுக்கும் ஸ்கேன் அறிக்கையில் 'ஹெபாடிக் ஸ்டியடோசிஸ், கிரேடு 2' என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். 'ஹெபாடிக்' என்றால் கல்லீரலைச் சேர்ந்தது. 'ஸ்டியர்' என்பது கிரேக்கத்தில் உறைந்து கெட்டியான விலங்குக் கொழுப்பு. மெழுகுவத்தியில் சேரும் ஸ்டியரிக் அமிலத்துக்கும் அதே வேர்தான். 'ஓசிஸ்' நிலையைக் குறிக்கும் விகுதி.

தமிழில் 'கொழுப்பு ஈரல்' என்று எழுதுகிறோம். எனக்கு அது பிடிப்பதில்லை. மண்ணீரலும் நுரையீரலும்கூட ஈரல்தானே, எந்த ஈரல்? அப்புறம், 'உனக்குக் கொழுப்பு' என்றால் நம் பேச்சில் திமிர். உடல் பருமனுக்காக ஏற்கெனவே ஊர்ப்பேச்சு வாங்கியவர் கையில் இந்தச் சொல்லையும் கொடுக்க வேண்டுமா? 2023-இல் பன்னாட்டுக் கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் 'ஃபேட்டி லிவர்' என்பதை விட்டு 'ஸ்டியடோடிக் லிவர்' என்று மாற்றியதற்கு அந்தக் குத்தலும் ஒரு காரணம். (கிரேக்கம் பேசுகிறவர் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழும், அது வேறு கதை.)

'நிணம்' என்ற பழஞ்சொல் ஸ்டியருக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் 'நிணநீர்' வேறொன்றுக்கு நிலைத்துவிட்டதால் குழப்பும். 'கல்லீரல் கொழுப்பேற்றம்' என்பதே சரி. ஏறியது இறங்கவும் கூடும் என்ற குறிப்பு அதில் இருக்கிறது. அறுவைக்குப் பின் எடை குறையக் குறையப் பலருக்கு அப்படித்தான் இறங்குகிறது.

'கிரேடு' விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கல்லீரலைப் பக்கத்தில் இருக்கும் வலது சிறுநீரகத்தோடு ஒப்பிடுவார்கள். கொழுப்பு ஏறியிருந்தால் அதைவிட வெளுப்பாகத் தெரியும். அது கண்ணளவு. வயிற்றுக் கொழுப்பு தடிமனாக இருந்தால் ஒலி அலை உள்ளே போகப் போக மங்கி, படமும் தெளிவாக வராது. அதனால்தான் அறுவையின்போது, சிறு துளை வழியே வயிற்றுக்குள் பார்க்கும் லேப்ராஸ்கோப் உள்ளே போன வேளையிலேயே சிலருக்குக் கல்லீரலில் ஊசியால் ஒரு துணுக்கு எடுக்கிறார்கள். அங்கே கிரேடு என்பது எண்ணிக்கை: 5 முதல் 33 விழுக்காடு செல்களில் கொழுப்பு இருந்தால் 1, 66 வரை 2, அதற்கு மேல் 3. வேடிக்கை என்னவென்றால், நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடித் தகட்டில் கொழுப்பே இருக்காது. பதப்படுத்தும்போது கரைந்துவிடும், தெரிவது வட்ட வட்டமான வெள்ளை ஓட்டைகள்.

அறிக்கையில் 'ஸ்டேஜ்' என்று தனியாக ஓர் எண் இருந்தால் அது கொழுப்புக்கு அல்ல, ஃபைப்ரோசிஸ் எனும் நார்த்தழும்புக்கு. கிரேடு 1 என்று இருந்தாலும் ஸ்டேஜ் 3 என்று வந்தால் மருத்துவர் கவலைப்படுவது அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துத்தான்.