முழங்கால் சில்லும் முந்திக்கொள்ளும் தசையும்

படி ஏறும்போது வலிக்கும், இறங்கும்போது இன்னும் வலிக்கும். தியேட்டரில் மூன்று மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழுந்தால் முட்டி பிடித்துக்கொள்ளும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இருந்தாலும் "தேய்மானம்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள், இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம்கூட. இந்த வயதில் இப்படி வரும் வலிக்குப் பெரும்பாலும் தேய்மானம் காரணமில்லை. முட்டியின் முன்பக்கம் இருக்கும் சில்லுக்குப் பின்னாலோ அதைச் சுற்றியோ கிளம்பும் வலி இது.

சில்லு ஒரு விசித்திரமான எலும்பு. தொடைத் தசையின் நாணுக்குள் பொதிந்து கிடக்கிறது. தொடை எலும்பின் கீழ்முனையில் உள்ள ஒரு பள்ளத்தில், கால் மடங்கி நீளும்போதெல்லாம் வழுக்கி ஏறி இறங்குகிறது. கிணற்றுக் கப்பி கயிற்றுக்கு உதவுவதுபோல, தசையின் இழுப்புக்கு இது வலு சேர்க்கிறது. ஆனால் அதற்கு விலை உண்டு. படியில் கால் வைக்கும்போது சில்லின் பின்புறம் தாங்கும் அழுத்தம் உடல் எடையைப்போல் சுமார் 3 மடங்கு. அது பரவலாக விழுந்தால் சரி, ஒரே ஓரத்தில் விழுந்தால் வலிக்க வாய்ப்பு அதிகம்.

சில்லைப் பள்ளத்துக்குள் நேராக வைப்பதில் தசைகளுக்கும் பங்கு உண்டு. தொடையின் முன்பக்கம் நான்கு தசைகள். அதில் வெளிப்பக்கத் தசை பெரியது, பலசாலி, சில்லை மேலேயும் வெளியேயும் இழுக்கும். எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிப்பது உள்பக்கத் தசையின் கீழ்ப்பகுதி. காலை நீட்டி இறுக்கினால் சில்லுக்குச் சற்று மேலே, உள்பக்கமாகக் கண்ணீர்த்துளி போல் புடைக்குமே, அதுதான். அதன் இழைகள் தொடை எலும்பின் நேர்கோட்டிலிருந்து 50 முதல் 55 டிகிரி வரை சாய்ந்திருக்கும். லீப், பெரி என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட கால்களில் ஒவ்வொரு தசையையும் தனித்தனியாக இழுத்துப் பார்த்து 1968-இல் எழுதினார்கள். இந்தப் பகுதியால் மட்டும் முழங்காலை நீட்டவே முடியவில்லை. சில்லு வெளியே போகாமல் பிடிப்பதுதான் அதன் தனி வேலை என்றார்கள்.

அப்படியானால் அது தாமதமாக வேலைக்கு வந்தால்? தோலின் மேல் மின்முனைகளை ஒட்டி, தசையில் மின்துடிப்பு எந்த நொடியில் தொடங்குகிறது என்று அளக்கலாம். மெல்போர்னில் சில்லு வலி உள்ள 33 பேரையும் வலி இல்லாத 33 பேரையும் படி ஏறி இறங்கச் சொல்லி அளந்தார்கள். 2001-இல் முடிவு வெளியானது. வலி இல்லாதவர்களிடம் இரண்டு தசைகளின் தொடக்கத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. வலி உள்ளவர்களிடம் வெளிப்பக்கத் தசை முந்திக்கொண்டது. இந்த வித்தியாசமெல்லாம் மில்லிசெகண்ட் கணக்கில்தான். ஒருமுறை கண் இமைக்கவே நூறு மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். ஆனால் ஓட்டத்தைக் கணினியில் உருவகித்துப் பார்த்த ஒரு ஆய்வில், 5 மில்லிசெகண்ட் தாமதமே சில்லின் வெளிப்பக்க அழுத்தத்தைக் கூட்டியது.

சரி, தாமதத்தால் வலியா, வலியால் தாமதமா? எனக்குச் சுவாரசியமான இடம் இதுதான். வலியே இல்லாதவர்களின் சில்லுக்குக் கீழே உள்ள கொழுப்புத் திண்டில் உப்புநீர் ஊசி போட்டு, வேண்டுமென்றே வலியை உண்டாக்கிப் பார்த்தார்கள். உள்பக்கத் தசை தாமதமானது. இன்னொரு சோதனையில், வீக்கம் வந்ததுபோல் ஆக்க மூட்டுக்குள்ளேயே உப்புநீரை ஏற்றினார்கள். 20–30 மில்லிலிட்டரிலேயே உள்பக்கத் தசை அடங்கத் தொடங்கியது. வெளிப்பக்கத் தசையை அடக்க 50–60 தேவைப்பட்டது. ஆக, வலியும் வீக்கமும் முதலில் முடக்குவது உள்பக்கத் தசையைத்தான். கதை இத்தோடு முடிந்தது என்று நினைத்தால், பெல்ஜியத்திலிருந்து எதிர்ச்சாட்சி வருகிறது. ராணுவப் பயிற்சிக்குச் சேர்ந்தவர்களைப் பயிற்சிக்கு முன்பே அளந்தார்கள். பின்னால் வலி வந்தவர்களிடம் அந்தத் தாமதம் முன்பே தெரிந்தது. இரண்டு திசையிலும் நடக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம், எல்லா நோயாளிகளிடமும் இந்தத் தாமதம் இல்லை, வலியே இல்லாத சிலரிடம் இருக்கிறது. "தொடக்கம்" என்று எந்தப் புள்ளியை எடுப்பது என்பதிலேயே ஆய்வுக்கு ஆய்வு வித்தியாசம் உண்டு. பக்கத்துத் தசையின் மின்துடிப்பும் கலந்து வரும். ஸ்டான்ஃபோர்டில் 2011-இல் வெளியான ஆய்வு இதைக் கொஞ்சம் தெளிவாக்கியது. சில்லு உண்மையிலேயே தடம் விலகி ஓடுபவர்களிடம் மட்டும், தாமதம் கூடக்கூட விலகலும் கூடியது. மற்றவர்களின் வலிக்கு வேறு காரணம் தேடவேண்டும்.

அதனால் அந்தக் கண்ணீர்த்துளித் தசையை மட்டும் தனியாக வளர்க்க முட்டிகளுக்கு நடுவே பந்தை வைத்து இறுக்குவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. நான்கு தசைகளுக்கும் ஒரே நரம்புதான், ஒன்றை மட்டும் பிரித்து வேலை வாங்குவது கடினம். அதோடு, காலில் எடை விழும்போது சிலருக்கு நகர்வது சில்லே இல்லை. ஒற்றைக் காலில் படி இறங்கும்போது இடுப்பின் பக்கத் தசைகள் தளர்ந்தால் தொடை எலும்பு உள்பக்கம் திரும்பிவிடும். சில்லு இருந்த இடத்திலேயே இருக்க, அடியில் உள்ள பள்ளம் நழுவிப்போகும். பிசியோதெரபிஸ்ட் இப்போது முட்டிக்கான பயிற்சியோடு இடுப்புக்கும் சேர்த்துக் கொடுப்பது இதனால்தான். "வலி முட்டியில், ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்கச் சொல்கிறாரே" என்று குழம்ப வேண்டாம்.